தாமதமாகத் திறக்கும் கோப்பு



ஜேடர்பாளையத்தில் காவிரியினின்று பிரியும் ராஜவாய்க்காலை அறியாதவர் நம் பகுதியில் இலர். அல்லாள இளைய நாயக்கர் வெட்டுவித்தது என்று மரபு கூறும் அவ்வாய்க்காலின் கடைமடைக்கு நீர் வந்து சேரவில்லையெனில் விவசாயி என்ன செய்கிறார்? அணையைக் குறை கூறிவிட்டு வீட்டில் அமர்ந்திருப்பதில்லை. மண்வெட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு கரைமேல் நடக்கிறார். எவ்விடம் வரை நீர் சீராக வருகிறது, எவ்விடத்தில் தேங்குகிறது என்று பார்க்கிறார். தேங்கும் இடத்தில் ஆகாயத்தாமரை படர்ந்திருக்கும். அல்லது தூர் சேர்ந்திருக்கும். அதனை அகற்றியதும் நீர் தானே ஓடுகிறது.

இத்திங்கள் நாம் எழுத எடுத்துக்கொண்டது கணினியைப் பற்றிய சிறு செய்தியேயாயினும், அதற்கும் இதே வழிதான் பொருந்துகிறது. 2011ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் முதலில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. அது சி-டாக் என்னும் மத்திய அரசு நிறுவனம் உருவாக்கியது. அத்தகைய பழைய கணினிகள் இன்றும் பல இல்லங்களில் உள்ளன. லினக்ஸ் விலையின்றிக் கிடைப்பதாலும், பழைய இயந்திரத்திலும் இயங்கும் எளிய வகைகள் அதில் இருப்பதாலும், மாணவர்களும் பங்கு அலுவலகங்களும் அதனை நாடுகின்றனர். கடிதமும் கட்டுரையும் எழுத அதில் லிப்ரே ஆபீஸ் என்னும் தொகுப்பின் ரைட்டர் பயன்படுகிறது.

ஆனால் நாளடைவில் ஒரு முறையீடு எழுகிறது. "கோப்பைத் திறக்க இரண்டு நிமிடம் ஆகிறது, சேமிக்கச் சொன்னால் திரை உறைந்து நிற்கிறது, கணினி கெட்டுவிட்டது, புதிது வாங்க வேண்டும்" என்கின்றனர். கூலி வேலைக்குச் செல்லும் தாய் தம் கம்மலை அடகு வைத்துப் பிள்ளைக்குப் புதிய மடிக்கணினி வாங்க எண்ணுவதும் உண்டு. அவ்வாறு செய்யுமுன் ஒரு மணி நேரம் செலவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள் என்பதே நமது வேண்டுகோள். பெரும்பாலும் குற்றம் இயந்திரத்தில் இல்லை.

முதலில் அடைப்பு எங்குள்ளது என்று பிரித்தறிய வேண்டும். ரைட்டரில் புதிய வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்து, இரண்டு வரி எழுதிச் சேமித்துப் பாருங்கள். அது விரைவாக நடந்தால் கணினியும் நன்று, ரைட்டரும் நன்று. குற்றம் அந்தப் பழைய கோப்பில் உள்ளது. வெற்றுக் கோப்பே தாமதமாகுமாயின், குற்றம் ரைட்டரிலோ கணினியிலோ இருக்கிறது. அடுத்து, தாமதமாகும் கோப்பு பென்டிரைவில் இருந்தால், அதனைக் கணினியின் சொந்த வட்டுக்குப் படியெடுத்து அங்கிருந்து திறவுங்கள். இப்போது விரைந்து திறந்தால் பென்டிரைவே காரணம். இவ்விரு சோதனைகளாலேயே பாதி ஐயம் தீர்ந்துவிடும்.

கோப்பே காரணமாயின், முதலில் ஐயுற வேண்டியவை புகைப்படங்கள். திருவிழா மலரோ, பங்கின் ஆண்டறிக்கையோ தயாரிக்கும் இளைஞர்கள் கைப்பேசியில் எடுத்த படங்களை அப்படியே கோப்பில் ஒட்டுகின்றனர். இக்காலக் கைப்பேசிப் படம் ஒன்றே நான்கு, ஐந்து மெகாபைட் இருக்கும். மூலையைப் பிடித்துத் தபால்தலை அளவுக்குச் சுருக்கினாலும், கண்ணுக்குத் தெரியும் அளவுதான் சுருங்குகிறது. படத்தின் முழு எடையும் கோப்புக்குள் அப்படியே தங்கிவிடுகிறது. நாற்பது படங்கள் சேர்ந்தால் நூற்றைம்பது மெகாபைட்டுக்கும் மேல் ஆகிவிடும். இதில் அறிய வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ரைட்டரின் ஓடிடி கோப்பு உண்மையில் ஒரு கட்டிய மூட்டை. எழுத்து ஒரு பக்கம், எழுத்தின் அமைப்பு ஒரு பக்கம், படங்கள் ஒரு பக்கம் என்று அதனுள் தனித்தனியாக உள்ளன. ஒரு காற்புள்ளியைத் திருத்திச் சேமித்தாலும் மூட்டை முழுவதையும் கணினி மீண்டும் கட்டுகிறது. தாமதம் ஏன் என்று இப்போது விளங்கும். படத்தின்மேல் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி 'கம்ப்ரெஸ்' என்பதைத் தேர்ந்தால் எடை குறையும். ஒட்டுவதற்கு முன்பே படத்தைச் சிறிதாக்குவது அதனினும் நன்று.

இரண்டாவது, கோப்பின் வகை. டாக்எக்ஸ் என்பது மைக்ரோசாப்ட் வேர்டின் வடிவம். அதனை ரைட்டர் திறக்கும்போதும் சேமிக்கும்போதும் மொழிபெயர்ப்பாளர் போல் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியுள்ளது. வேலை முடியும் வரை ஓடிடியாகவே வைத்துக்கொண்டு, பிறருக்கு அனுப்பும்போது மட்டும் டாக்எக்ஸாகவோ பிடிஎஃப்பாகவோ மாற்றுங்கள். ஓடிடி யாருக்கும் தனியுடைமையன்று. 2006ஆம் ஆண்டு ஐஎஸ்ஓ ஏற்ற உலகப் பொதுத்தரத்தைச் சேர்ந்தது. மூன்றாவது, திருத்தங்களின் பதிவு. 'டிராக் சேஞ்சஸ்' இயங்கிக்கொண்டிருந்தால், நீக்கிய சொற்களும் கோப்பினுள் குவிந்துகொண்டே போகும். தேவையற்றவற்றை ஏற்றோ தள்ளியோ முடித்துவிடுங்கள்.

வெற்றுக் கோப்பே தாமதமாகுமாயின், மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, அச்சுப்பொறி. முன்பு இணைத்திருந்த பொறி இப்போது இல்லாதிருந்தாலும், ரைட்டர் அதன் மறுமொழிக்காகக் காத்திருப்பதுண்டு. 'டூல்ஸ்' பட்டியலில் 'ஆப்ஷன்ஸ்' சென்று, 'லோட்/சேவ்' பகுதியின் 'ஜெனரல்' பக்கத்தில், கோப்புடன் அச்சுப்பொறி அமைப்பையும் ஏற்றும் குறியை நீக்கிவிட்டுப் பாருங்கள். இன்னொன்று, ரைட்டரின் சொந்த அமைப்புகள். 'ஹெல்ப்' பட்டியலில் 'ரீஸ்டார்ட் இன் சேஃப் மோட்' என்று உள்ளது. அவ்வழியில் விரைந்து இயங்கினால், பழைய அமைப்புகள் பழுதடைந்துள்ளன என்பது பொருள். அவை வீட்டுக் கோப்புறையில் மறைந்துள்ள 'கான்ஃபிக்' என்பதனுள் 'லிப்ரேஆபீஸ்' என்ற பெயரில் இருக்கும். லிப்ரே ஆபீஸை மூடிவிட்டு, அக்கோப்புறையை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றுங்கள். மீண்டும் திறக்கையில் புதிய அமைப்பு தானே உருவாகும். சரிவரவில்லையெனில் பழையதைத் திரும்பக் கொணரலாம். மூன்றாவது, நினைவகம். இணைய உலாவியில் இருபது பக்கங்களைத் திறந்து வைத்தால் நினைவகம் நிரம்பி, லினக்ஸ் வட்டையே நினைவகமாகப் பயன்படுத்தத் தொடங்கும். வட்டு மெதுவானது, எனவே யாவும் தவழும். உலாவியை மூடினாலே போதும்.

கணினி முழுவதும் மந்தமாகி, வட்டிலிருந்து டக் டக் என்ற ஒலியும் வந்தால், அதனைச் சோதித்துக்கொண்டிராமல் முதலில் கோப்புகளை வேறிடத்துக்குப் படியெடுங்கள். வட்டு இறுதி மூச்சு விடுகிறது என்பதற்கு அது அடையாளம்.

இனி, முதன்மையான எச்சரிக்கை. கோப்பு சேமிக்கப்படும்போது பொறுமையிழந்து மின்பொத்தானை அணைப்பவர் உண்டு. பென்டிரைவைப் பிடுங்குபவரும் உண்டு. லினக்ஸ் பல வேளைகளில் பென்டிரைவில் எழுத வேண்டியதை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, பின்னரே எழுதி முடிக்கிறது. திரையில் முடிந்ததாகத் தோன்றினும் உள்ளே முடிந்திராது. 'இஜெக்ட்' கொடுத்து, அனுமதி வந்த பின்னரே எடுக்க வேண்டும். தாமதத்தால் நாம் இழப்பது இரண்டு நிமிடம். அவசரத்தால் இழப்பது ஓராண்டின் உழைப்பு.

பங்கின் குடும்பப் பட்டியலைத் தட்டச்சு செய்யும் நம் பிள்ளைகளுக்கு இது சிறப்பாகப் பொருந்தும். திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் பதிவேடுகளை ஒவ்வொரு பங்கும் காத்துவர வேண்டுமென்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535ஆம் விதி பணிக்கிறது. கணினியில் இருப்பது துணைப்படியே. கையெழுத்திட்ட ஏடே மூலம். எனினும் அத்துணைப்படியில் உள்ள ஒவ்வொரு பெயரும் ஓர் ஆன்மாவின் பெயர். ஆகவே வாரந்தோறும் வேறொரு வட்டில் ஒரு படி எடுத்து வையுங்கள்.

லூக்கா நற்செய்தியில் ஆண்டவர் காட்டும் பெண் ஒருத்தி, பத்து வெள்ளிக்காசுகளில் ஒன்றைத் தொலைத்தாள். போனது போகட்டும் என்று அவள் விட்டுவிடவில்லை. விளக்கேற்றி, வீட்டைப் பெருக்கி, கிடைக்கும் வரை கவனமாய்த் தேடினாள். ஏழையின் சிக்கனமும் பொறுமையும் அதில் விளங்குகின்றன. கையில் இருப்பதைக் கழித்துவிடுமுன் விளக்கேற்றித் தேடும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். அதனால் மிஞ்சும் பணம் அவர்களின் கல்விக்கு உதவும். அந்தத் தாயின் கம்மலும் அவர் காதிலேயே இருக்கும். இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக!