பத்தாம் ஆண்டில் பொறியைப் பார்ப்பவர் யார்?

அந்நிய ஜீவராசியொன்று ஒரு தேசத்தின் காட்டிற்குள் புகுந்து, அங்கே தொன்றுதொட்டு வாழ்ந்துவந்த சுதேசி இனத்தைப் படிப்படியாக அப்புறப்படுத்திவிட்டுத் தான் குடியமர்ந்த வரலாறுகள் உலகில் பல உண்டு. ஆயினும், அவ்வரலாறு தொடக்கம் முதல் இன்றுவரை ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு காலம் ஜில்லா ஜில்லாவாகக் கவனித்துக் குறித்துவைக்கப்பட்டிருப்பது பிரிட்டனின் சாம்பல் அணில் விஷயத்தில் போல வேறெங்கும் அரிது. பிரிட்டனின் பாலூட்டிகள் சங்கம் 2018-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி அத்தீவில் சாம்பல் அணில்கள் சுமார் 27 லட்சம். அத்தீவின் சுதேசிச் செவ்வணில்களோ 2,87,000 மட்டுமே, அவற்றிலும் ஐந்தில் நான்கு பங்கு ஸ்காட்லாந்தில். இங்கிலாந்தில் எஞ்சியவை நார்தம்பர்லாந்தின் கீல்டர் ஊசியிலைக் காடு முதலான வடபகுதிகளிலும், தெற்கே ஒயிட் தீவு, பிரவுன்சி தீவு ஆகிய, கடல் காவல் காக்கும் சில இடங்களிலும் ஒதுங்கிவிட்டன.

வெளிநாட்டு அணிலைப் பற்றி நம் இதழில் தலையங்கம் எழுதுவானேன் என்று சில வாசகர்கள் வினவக்கூடும். பிரிட்டிஷ் பிரபுக்கள் தங்கள் பூங்காக்களின் சிங்காரத்திற்காக அமெரிக்க அணிலைக் கூண்டில் வரவழைத்த அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில், அதே மனப்பான்மையுடையோர் நீலகிரியின் புல்வெளிகளில் ஆஸ்திரேலிய வாட்டில் மரங்களை நட்டார்கள். உண்ணிச்செடியோடும் சீமைக்கருவேலத்தோடும் வாட்டிலோடும் நாள்தோறும் மல்லுக்கட்டும் நம் வாசகர்களுக்கு அந்த அணிலின் கதை அந்நியமாக இராது என்பது நம் அபிப்பிராயம்.

ஆதாரபூர்வமாகத் தெரிந்த முதல் விடுவிப்பு 1876-ல் செஷையர் ஜில்லாவின் ஹென்பரி பூங்காவில், பிராக்கிள்ஹர்ஸ்ட் என்பவரால் நிகழ்ந்தது. 1890-ல் பெட்ஃபோர்டு பிரபு வம்சத்தாரின் வோபர்ன் பூங்காவில் பத்து அணில்கள் விடப்பட்டன; அவை பெருகவே, அங்கிருந்து நண்பர்களுக்கும் பூங்காக்களுக்கும் அன்பளிப்பாக நாலாபுறமும் அனுப்பப்பட்டன. 1911-ல் அயர்லாந்தின் லாங்ஃபோர்டு ஜில்லாவில் காசில் ஃபோர்ப்ஸ் மாளிகையில் நடந்த ஒரு கல்யாணத்திற்குப் பரிசாகச் சென்ற கூடையிலிருந்து அத்தீவின் சாம்பல் அணில் வம்சம் உற்பத்தியாயிற்று. பிற்காலத்து மரபணு ஆராய்ச்சியும் இதையே உறுதிப்படுத்துகிறது: வெவ்வேறு வட்டாரத்து அணில்கள் வெவ்வேறு விடுவிப்புகளின் சந்ததிகளாகவே காணப்படுகின்றன. அதாவது, அணில் தன் காலால் நடந்த வழியோடு, மனிதர் கையால் தூக்கிச் சென்ற வழியையும் சேர்த்தே அதன் பரவலைக் கணக்கிட வேண்டும்.

அக்காலத்தில் செவ்வணில் இன்றுபோல் போற்றப்பட்டதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஸ்காட்லாந்தின் மலைநாட்டு எஸ்டேட் முதலாளிகள் 1903-ல் ‘ஹைலண்டு அணில் சங்கம்’ என்றொரு சங்கம் கூட்டி, பைன் கன்றுகளைக் கெடுக்கிறதென்று செவ்வணிலை வேட்டையாடுவோருக்குச் சன்மானம் வழங்கி, நாற்பதாண்டுகளில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டவற்றைக் கொன்று தீர்த்தார்கள். இன்று அதே நாட்டில் செவ்வணிலுக்காகத் தனி இயக்கமே நடக்கிறது. அரிதான பிறகே ஒரு பிராணிக்கு மதிப்பு வருகிறதென்றால், மதிப்பு வரும்போது காரியம் பெரும்பாலும் கைமிஞ்சிப் போயிருக்கிறது. சாம்பல் அணிலை இறக்குமதி செய்வதையும் வளர்ப்பதையும் தடைசெய்யும் ஆணை 1937-ல்தான் பிறந்தது. ஹென்பரிக்கும் அதற்கும் இடையே அறுபத்தோராண்டுகள்.

நிற்க. சாம்பல் அணில் செவ்வணிலைக் கடித்து விரட்டுகிறது என்று பாமர மக்கள் நெடுங்காலம் நம்பினர். நம்மவரிலும் சிலர் இன்னும் அவ்வாறே எழுதுகின்றனர். கள ஆராய்ச்சியாளர்கள் கண்டது வேறு. செவ்வணிலின் எடை சுமார் 300 கிராம். சாம்பல் அணில் அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஓக் கொட்டையிலுள்ள துவர்ப்புச் சத்தைச் செரிக்கும் சக்தி சாம்பல் அணிலுக்கு உண்டு, செவ்வணிலுக்குக் குறைவு. ஆகவே இலையுதிர் காட்டில் ஓக் மரம் காய்த்துக் குலுங்கும் ஆண்டிலும் செவ்வணிலுக்கு அது அரைச் சாப்பாடுதான். போதாக்குறைக்கு, செவ்வணில் குளிர்காலத்திற்கென்று மண்ணுக்கடியில் புதைத்துவைக்கும் கொட்டைகளைச் சாம்பல் அணில் தோண்டித் தின்றுவிடுகிறது. வாட்டர்ஸ், கர்னெல் முதலிய ஆராய்ச்சியாளர்கள் இத்தாலியிலும் பிரிட்டனிலும் காதில் அடையாள வில்லையிட்டும் கழுத்தில் ரேடியோ பட்டை கட்டியும் தொடர்ந்து கவனித்ததில், வளர்ந்த செவ்வணில் தன் எல்லையை விட்டு ஓடுவதில்லை என்றும், வசந்தத்தில் அதன் பெட்டையின் உடல் மெலிந்திருப்பதால் ஈற்றுக் குறைந்துபோகிறது என்றும், பிறந்த குட்டிகளும் அக்காட்டில் இடம்பிடித்து நிலைபெறுவது அரிதாகிறது என்றும் தெரியவந்தது.

இதன் பொருளை நம் தொழிலில் உள்ளோர் நிதானித்து யோசிக்க வேண்டும். சாம்பல் அணில் புகுந்த காட்டில் சில ஆண்டுகள் வரை செவ்வணிலும் கண்ணில் படும். ‘இரண்டும் சேர்ந்தே வாழ்கின்றன’ என்று அறிக்கையும் போகும். ஆனால் கண்ணில் பட்டவை எல்லாம் கிழங்கள். வாரிசில்லாத வீட்டில் விளக்கு எரிவதைக் கண்டு குடும்பம் தழைக்கிறது என்று எழுதுவதற்கு ஒப்பானது அவ்வறிக்கை. இனம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் கணக்கெடுப்பால் இவ்விஷயத்தில் பிரயோசனம் மிகச் சொற்பம். அவ்வாண்டுக் குட்டிகள் எத்தனை என்பதே பார்க்க வேண்டிய எண். நிறத்தை மட்டும் நம்புவதும் ஆபத்து, ஏனெனில் கோடையில் சாம்பல் அணிலின் விலாவிலும் காலிலும் செம்மை படர்வதுண்டு, குளிர்காலத்தில் செவ்வணிலின் முதுகில் சாம்பல் பூப்பதுண்டு. ஆகையால் அங்குள்ள தன்னார்வலர்கள் மரத்தில் கட்டிய குழாய்க்குள் தீனி வைத்து, அதன் மேற்புறத்தில் பசைத் துண்டை ஒட்டி, சிக்கிய மயிரைச் சாயமேற்றி உருப்பெருக்கியில் பார்க்கிறார்கள். செவ்வணிலின் மயிரில் நெடுகிலும் ஒரு பள்ளம் ஓடி, அதில் சாயம் கோடாகத் தங்கும். சாம்பல் அணிலின் மயிர் உருண்டையாதலால் அக்கோடு விழாது.

இத்தனைக்கும் மேல் நோய் வேறு. அணில் அம்மை என்னும் வைரஸ் நோயைச் சாம்பல் அணில் தன் உடம்பில் சுமந்தும் பெரும்பாலும் நோயுறுவதில்லை. செவ்வணிலுக்குத் தொற்றினால் கண்ணிமை, மூக்கு, விரல் இவற்றைச் சுற்றிப் புண்ணாகி, இரண்டு வாரத்திற்குள் அது மடிகிறது. அம்மை உள்ள வட்டாரங்களில் செவ்வணில் அழியும் வேகம் அஃதில்லாத வட்டாரங்களைவிடப் பதினேழு முதல் இருபத்தைந்து மடங்கு வரை அதிகம் என்று 2006-ல் வெளியான ஆய்வொன்று கணித்தது. லிவர்பூலுக்கு வடக்கேயுள்ள ஃபார்ம்பி கடற்கரைக் காட்டில் 2008-ல் இந்நோய் வந்தபோது செவ்வணில்களில் பெரும்பகுதி மாண்டது. எஞ்சிய சில பின்னர் மெல்லப் பெருகின. ஆயினும் பழி முழுவதையும் அம்மையின் தலையில் போட்டுவிடுவது தவறு. இத்தாலியில் அந்நோய் காணப்படவில்லை. அங்கும் செவ்வணில் பின்வாங்கியே வருகிறது. உணவுப் போட்டி ஒன்றே போதும், நோய் அதை விரைவுபடுத்துகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை.

பரிகாரத்திற்கு வருவோம். 1953-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் சாம்பல் அணிலின் வாலொன்றுக்கு ஒரு ஷில்லிங் என்று விலை வைத்தது. பின்னர் அதை இரண்டாகவும் உயர்த்தியது. லட்சக்கணக்கான வால்கள் வந்து குவிந்தன. அணிலின் எல்லை ஓரங்குலமும் சுருங்கவில்லை. சில ஆண்டுகளிலேயே திட்டம் கைவிடப்பட்டது. வாலுக்குக் கூலி என்று வைத்தால், சுடுகிறவன் அணில் நிறைந்த இடத்திற்கே போவான், கடைசி ஐந்து அணில் ஒளிந்திருக்கும் இடத்திற்குப் போகமாட்டான். அவனுடைய வருமானமும் அடுத்த ஆண்டும் அணில் இருப்பதையே பொறுத்தது. எத்தனை கொன்றோம் என்ற எண்ணிக்கையைக் காட்டி வெற்றி கொண்டாடும் அறிக்கைகளை நாமும் கண்டிருக்கிறோம். எத்தனை எஞ்சின, எங்கே எஞ்சின என்பதைச் சொல்லாத அறிக்கை வெறும் செலவுக் கணக்கு.

இத்தாலியின் அனுபவம் இன்னும் கசப்பானது. 1948-ல் டூரின் நகருக்கு அருகே ஸ்டுபினிஜியில் இரண்டு ஜோடி விடப்பட்டன. 1970 வரை அவற்றின் வம்சம் பரவியிருந்த நிலம் சுமார் 25 சதுர கிலோமீட்டர். 1990-களின் நடுவிலோ 400-ஐ நெருங்கிற்று. அப்போதும் காலம் கடந்துவிடவில்லை. 1997-ல் ரக்கோனிஜி பூங்காவில் விஞ்ஞானிகள் சோதனையாக ஒரு களையெடுப்பைத் தொடங்கி, கூண்டில் பிடித்த அணில்களை மயக்க வாயுவால் நோவின்றிக் கொன்றனர். பிராணி வதைக்கு எதிரான சங்கத்தார் கோர்ட்டுக்குப் போனார்கள், வேலை நின்றது, கீழ்க் கோர்ட்டில் விஞ்ஞானிகள் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி, 2000-ல் அப்பீலில் விடுதலையானார்கள். நியாயம் கிடைத்தது, காடு கிடைக்கவில்லை. அம்மூன்றாண்டில் அணில் எட்டிய தூரம், முழுவதும் ஒழிக்கலாம் என்ற நம்பிக்கையையே கெடுத்துவிட்டது. எதிர்த்தவர்களை மூடர் என்று ஏசுவதில் நமக்குச் சம்மதமில்லை. பூங்காவில் கையிலிருந்து கடலை வாங்கித் தின்னும் பிராணியைக் கொல்லாதே என்று சொல்வது மனித சுபாவம். அவர்கள் கண்ணுக்குச் சாம்பல் அணில் தெரிந்தது, பிறவாமற்போன செவ்வணில் குட்டி தெரியவில்லை. பொறி வைக்குமுன் அதை ஊராருக்குத் தெரிவிப்பது விஞ்ஞானிகளின் கடமையாயிருந்தது. அதைப் பொறி வைத்தபின் கோர்ட்டில் செய்ய நேர்ந்தது.

இவ்விரண்டிற்கும் மாறாக நிற்பது வேல்ஸ் நாட்டின் ஆங்கில்சி தீவு. 1998-ல் அங்கே செவ்வணில் பென்ட்ராத் வட்டாரத்து ஊசியிலைக் காட்டில் மட்டும் சுமார் நாற்பது என்னும் அளவிற்கு இளைத்துவிட்டிருந்தது. கிரெய்க் ஷட்டில்வொர்த் முதலியோர் முன்னின்று நடத்திய வேலை பார்ப்பதற்குச் சாரமற்றது: கூண்டுப்பொறியில் மக்காச்சோளமும் கடலையும் இட்டு, தினந்தோறும் தவறாமல் போய்ப் பார்த்து, செவ்வணில் சிக்கியிருந்தால் அப்பொழுதே விடுவித்து, சாம்பல் அணிலானால் அப்புறப்படுத்தி, நோய் பரவாதபடி கூண்டைக் கிருமிநாசினியால் கழுவி, மறுபடியும் இரை வைப்பது, ஒரு காடு முடிந்தால் அடுத்த காடு, அது முடிந்தால் முதல் காட்டிற்கே மீண்டும் ஒரு சுற்று. 2004 முதல் கூண்டில் வளர்த்த செவ்வணில்களை நியூபரோ காட்டில் குடியேற்றினார்கள். 2013 வாக்கில் தீவில் சாம்பல் அணில் இல்லையென்று அறிவிக்க முடிந்தது. செவ்வணில் எழுநூறு எண்ணூறு என்று பெருகியது. அத்துடன் வேலை முடிந்துவிட்டதா? மெனாய் ஜலசந்தியின் குறுக்கே இரண்டு பாலங்கள் இருக்கின்றன. எதிர்க்கரையில் சாம்பல் அணில் இருக்கும்வரை காவலும் இருந்தே தீரவேண்டும். செவ்வணில்களே பின்னர் கரை தாண்டி பாங்கர் பக்கத்துக் காடுகளில் குடியேறின; அங்கே 2020-ஐ ஒட்டி அம்மை பரவி அவற்றில் பெரும்பாலானவற்றை வாரிக்கொண்டு போயிற்று.

பைன் மார்ட்டன் என்னும் மாமிச பட்சிணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் நீலகிரி மார்ட்டனுக்கு உறவான இப்பிராணி அயர்லாந்தின் மத்திய ஜில்லாக்களில் மீண்டும் பெருகியபோது, சாம்பல் அணில் அருகிச் செவ்வணில் திரும்பி வந்ததை ஷீஹி, லாட்டன் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் 2014-ல் எழுதினர். மார்ட்டனோடு கூடவே பரிணமித்த செவ்வணில் அதன் வாடையறிந்து ஒதுங்குகிறது, அந்நிய நாட்டு அணிலுக்கு அந்த எச்சரிக்கை இல்லை என்பது கூறப்படும் காரணம். இச்செய்தி பரவியதும் ‘இயற்கையே பார்த்துக்கொள்ளும்’ என்று பொறிகளைக் கழற்றத் துடிப்பவர்கள் தோன்றிவிட்டார்கள். மார்ட்டன் காட்டுப் பிராணி. நகரத்துப் பூங்காவிலும் வீட்டுத் தோட்டத்திலும் அது தங்குவது அபூர்வம், சாம்பல் அணிலுக்கோ அவ்விடங்கள்தான் கோட்டை. எடை கூடிய பிராணி ஏறினால் மட்டும் திறக்கும் தீனிப்பெட்டியில் கருத்தடை மருந்து கலந்த தீனியை வைக்கும் முயற்சியும் ஆராய்ச்சியில் உள்ளது. இவற்றை வரவேற்போம்; ஆனால் வரப்போகும் உபாயத்தை நம்பி இருக்கும் உபாயத்தை நிறுத்துவோரை வரவேற்க இயலாது.

பிரிட்டனில் இவ்வேலைக்குப் பணம் கிடைப்பது செவ்வணிலின் அழகினால் மட்டுமன்று. ஏப்ரல் முதல் ஜூலை வரை சாம்பல் அணில் பத்து முதல் நாற்பது வயதுள்ள பீச், சிகமோர், ஓக் மரங்களின் பட்டையை உரித்துவிடுகிறது. மரம் பட்டுப்போகிறது, அல்லது கோணித் தடிக்கு உதவாமல் போகிறது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 3.7 கோடி பவுன் நஷ்டம் என்று ராயல் வனவியல் சங்கத்தின் 2021-ஆம் வருஷத்து அறிக்கை மதிப்பிட்டது. சுயநலமும் பொதுநலமும் அபூர்வமாக ஒரே திசையில் இழுக்கும் இத்தகைய சந்தர்ப்பத்தை அங்குள்ளோர் பயன்படுத்திக்கொண்டது விவேகமே.

நம் சரகங்களில் அந்நியச் செடி அகற்றும் திட்டங்கள் பல, முதல் ஆண்டில் விழாவோடு தொடங்கி, இரண்டாம் ஆண்டில் ஒப்பந்தம் முடிந்து, மூன்றாம் ஆண்டில் வேரிலிருந்தும் விதையிலிருந்தும் பழையபடியே தழைத்து நிற்பதை இதைப் படிப்பவர்களில் பலர் நேரில் பார்த்திருப்பார்கள். ஆங்கில்சியில் பொறி வைத்தவர்கள் நம்மைவிடச் சமர்த்தர்களோ, அவர்களுடைய பொறி நம் கருவிகளைவிட உயர்ந்ததோ அல்ல. பதினைந்து வருஷம் விடாமல் போய்ப் பார்த்தார்கள். ஆகவே, இத்தகைய திட்டமெதற்கும் அனுமதி கோரும் விண்ணப்பத்தில், பத்தாம் ஆண்டில் அந்த இடத்தைப் பார்க்கப்போகிறவர் யார், அவருக்குச் சம்பளம் எந்தத் தலைப்பிலிருந்து வரும் என்று இரண்டு வரி எழுதக் கட்டாயப்படுத்த வேண்டும் என்றும், அவ்விரண்டு வரியை எழுத முடியாத திட்டத்தை முதல் ஆண்டிலேயே நிராகரிப்பது சிக்கனம் என்றும் நாம் கருதுகிறோம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்பின் கண்டிராத செடியோ பிராணியோ தங்கள் சரகத்தில் தென்பட்டால், பெயர் தெரியாவிட்டாலும், தேதி, இடம், எண்ணிக்கை, அவ்விடத்துச் சுதேசி இனத்தின் குட்டிகளோ கன்றுகளோ அவ்வாண்டு காணப்பட்டனவா என்ற விவரம் ஆகியவற்றை ஒரு புகைப்படத்துடன் நமக்கு எழுதி அனுப்புக. அடுத்த இதழிலிருந்து அத்தகைய குறிப்புகளுக்கென்று இரண்டு பக்கங்கள் ஒதுக்கப்படும்.