அட்டை மாற்றும் பிள்ளைகள்

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே, இன்று அட்டைகளைப் பற்றி எழுத விரும்புகிறேன். அட்டை என்றதும் தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்கள் குனிந்து காலைப் பார்ப்பார்கள். அஞ்ச வேண்டா, இது இரத்தம் குடிக்கும் அட்டை அன்று. ஓய்வு வேளையில் சிற்றுண்டிச்சாலையின் ஓரத்தில் நம் பிள்ளைகள் கூடி உட்கார்ந்து கைமாற்றிக்கொள்ளும் பட அட்டை. போக்கிமோன், போபொய்போய், காற்பந்து வீரர்கள் என வகை பல. (இரண்டு அட்டைக்கும் வேறுபாடே இல்லை என்று சில பெற்றோர் சொல்லக்கூடும். அவர்கள் பணப்பையைக் கேட்டால் உண்மை தெரியும்.)

அண்மையில் ஒரு பெற்றோர் கூட்டத்தில் இப்பேச்சு எழுந்தது. "எல்லாவற்றையும் பறித்துக் குப்பையில் போடுங்கள் சார்" என்றார் ஒரு தந்தை. கைதட்டலும் கிடைத்தது. நான் கைதட்டவில்லை. காரணம், அதை ஒருமுறை நானே செய்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனிடமிருந்து முப்பது, நாற்பது அட்டைகள் கொண்ட கட்டு ஒன்றைப் பறித்து என் மேசை இழுப்பறையில் போட்டேன். கணிதப் பாடத்தின்போது மேசைக்கடியில் அட்டை மாற்றிக்கொண்டிருந்தான், பறித்ததில் தவறில்லை. ஆண்டிறுதியில் அறையைத் துப்புரவு செய்தபோது பழைய தாள்களோடு அக்கட்டும் போய்விட்டது. அதுதான் தவறு. கடைசிப் பள்ளி நாளன்று வந்து, "சார், என் அட்ட..." என்று இழுத்தான். இல்லை என்றேன். "பரவால சார்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பிறகு அவன் தந்தையைச் சந்தித்தேன். கெலாங் பாத்தாவில் பல வீடுகளின் கதைதான். 1998இல் இரண்டாம் இணைப்புப் பாலம் திறந்தது முதல் நம் தந்தையர் பலர் விடியுமுன்பே மோட்டார்சைக்கிளில் துவாஸுக்குப் போய், பிள்ளை உறங்கிய பின் திரும்புகிறார்கள். அப்போது, அதாவது 2014 முதல் 2024 வரை, ஜொகூரின் வார விடுமுறை வெள்ளியும் சனியும். சிங்கப்பூருக்கோ சனியும் ஞாயிறும். தந்தையும் மகனும் ஒன்றாக வீட்டில் இருந்த நாள் சனிக்கிழமை ஒன்றே. சம்பளம் வாங்கிய வாரத்துச் சனியன்று ஒரு பொட்டலம் அட்டை வாங்கி வருவாராம். இருவரும் தரையில் அமர்ந்து பிரிப்பார்களாம். அவர் என்னைக் குறை கூறவில்லை. நான் எறிந்தது எது என்பது மட்டும் எனக்கு அன்றுதான் விளங்கியது.

இப்பழக்கம் புதிதன்று. அமெரிக்காவில் 1880களிலேயே சிகரெட்டுப் பெட்டிக்குள் பேஸ்பால் வீரர்களின் பட அட்டைகளை வைத்து விற்றார்கள். பின்னர் அவை சவ்வுமிட்டாயோடு வந்தன. 1909க்கும் 1911க்கும் இடையில் வெளிவந்த ஹோனஸ் வாக்னரின் அட்டை ஒன்று 2022இல் 72 இலட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விலைபோனது. அதே ஆண்டில் மிக்கி மேண்டிலின் 1952ஆம் ஆண்டு அட்டை 1 கோடியே 26 இலட்சம் டாலர்! இதைக் கேட்டதும், "அப்படியானால் பையனுக்கு இன்னும் நாலு பொட்டலம் வாங்கலாமே" என்று எண்ணும் பெற்றோருக்கு ஒரு சொல். அந்த 1952ஆம் ஆண்டு அட்டைகள் விற்காமல் தேங்கிப் போய், 1960இல் கடலில் கொட்டப்பட்டவை. எஞ்சியவை குறைவு, அதனால் விலை. 1980களின் இறுதியில் மக்கள் முதலீடு என்று பெட்டி பெட்டியாக வாங்கிப் பதுக்க, நிறுவனங்களும் அச்சடித்துத் தள்ளின. அந்த அட்டைகளில் பெரும்பாலானவற்றை இன்று கேட்பார் இல்லை.

நாமும் சேர்த்தவர்கள்தாம். ரப்பர்க் கொட்டை சேர்த்தோம், தீப்பெட்டிப் படம் சேர்த்தோம், தமிழ்நாட்டிலிருந்து வந்த கடிதத்தின் தபால்தலையை நீரில் ஊறவைத்து உரித்தோம். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: ரப்பர்க் கொட்டைக்குக் காசில்லை.

இங்கேதான் கணக்கு வருகிறது. ஒரு வரிசையில் 100 வகை அட்டைகள் உள்ளன, ஒவ்வொன்றும் சம வாய்ப்போடு கிடைக்கிறது என்று கொள்வோம். முதல் 50 வகைகளைச் சேர்க்கச் சராசரியாக 69 அட்டைகள் போதும். நூறையும் சேர்க்கவோ ஏறத்தாழ 519 அட்டைகள் வேண்டும். கடைசி ஒன்றுக்காக மட்டும் சராசரியாக 100 அட்டைகள் வாங்க நேரும்! உண்மையில் மினுமினுக்கும் அட்டைகளைக் குறைவாகவே அச்சிடுகிறார்கள். ஆகவே நிலைமை இதைவிட மோசம். தனியாகச் சேர்ப்பவன் தோற்பான். மாற்றிக்கொள்பவன் தன்னிடம் மிகுந்ததைக் கொடுத்து இல்லாததைப் பெறுவான். பிள்ளைகள் இதை எவரும் கற்பிக்காமலே கண்டுகொண்டார்கள். வகுப்பில் வாய்பாடு தடுமாறும் ஒருவன், "அது ஒன்னுக்கு இது மூணு, ஆனா முனை மடிஞ்சிருக்கு, அதனால நாலு" என்று நொடியில் கணக்கிடுவதை நான் கேட்டிருக்கிறேன். என் பயிற்றுத் துணைப்பொருள்கள் எதுவும் அவனிடம் அதைச் சாதித்ததில்லை.

ஆகவே மாற்றுவதை நான் எதிர்க்கவில்லை. மூடிய பொட்டலத்தைத்தான் எதிர்க்கிறேன். நம் காலத்து ஒட்டுக்கடைகளில் 'திக்காம்' தொங்குமே, நினைவிருக்கிறதா? பத்துக் காசு கொடுத்து ஒரு சீட்டைக் கிழித்தால் பெரிய பொம்மை கிடைக்கலாம். பெரும்பாலும் மிட்டாய்தான் கிடைக்கும். பளபளப்பான பொட்டலம் அதே திக்காம்தான், விலை மட்டும் ஏறிவிட்டது. "இந்தப் பொட்டலத்துல இருக்கும் சார்" என்று சொல்லும் பிள்ளையின் கண்களில், நாலு நம்பர் கடை வாசலில் நிற்பவர்களின் பார்வையை நான் கண்டிருக்கிறேன். பெற்றோர் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். மாதத்துக்கு ஒன்று என்றால் ஒன்றுதான். மிகவும் வேண்டிய ஓர் அட்டை இருந்தால் அதைத் தனியாக வாங்கிக் கொடுங்கள். பெரும்பாலும் அதுவே மலிவு. இரவுச் சந்தையில் வியக்கும்படி மலிவாகக் கிடைப்பதை வாங்குமுன் அது போலியா என்று பாருங்கள்.

ஏமாற்று நடக்காதா என்பீர்கள். நடக்கும். ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் மூன்று சாதாரண அட்டைகளைக் கொடுத்து, இரண்டாம் ஆண்டுச் சிறுவனின் அரிய அட்டையை வாங்கிக்கொண்டான். தாயார் கோபத்தோடு வந்தார். பெரியவனை அழைத்துக் கேட்டேன். "அவன்தான் சரின்னான் சார்" என்றான். "அவனுக்கு விலை தெரியுமா?" என்றேன். வெகுநேரம் பேசாமல் நின்றுவிட்டு, அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். தடை போட்டிருந்தால் இவ்வுரையாடல் நடந்திராது. ஏமாற்று மட்டும் கழிப்பறைக்குப் பின்னால் நடந்திருக்கும்.

நான் கேட்பது சிறிது. வகுப்பில் அட்டை வேண்டா. வெள்ளிக்கிழமை ஓய்வு வேளையில், ஓர் ஆசிரியரின் கண்பார்வையில், மாற்றிக்கொள்ளட்டும். காசுக்கு விற்பது கூடாது. மூன்றாம் ஆண்டுக்குக் கீழுள்ளவர்கள் அண்ணனையோ அக்காளையோ அருகில் வைத்துக்கொண்டு மாற்ற வேண்டும். மாற்றியதில் மனக்குறை என்றால் அடுத்த பள்ளி நாளில் வகுப்பு தொடங்குமுன் திருப்பிக் கேட்கலாம். பறிமுதல் செய்ய நேர்ந்தால் உறையில் பெயரெழுதிப் பூட்டி வைத்து, பெற்றோரின் கையில் ஒப்படைக்க வேண்டும். இதை எனக்காகவே சொல்லிக்கொள்கிறேன்.

தலைமையாசிரியர் ஒரு மாதம் பார்க்கலாம் என்று இசைந்திருக்கிறார். முதல் வெள்ளியன்று என் பழைய தபால்தலை ஏட்டையும் எடுத்துப் போகலாமென்று இருக்கிறேன். சுல்தான் இஸ்மாயில் படத்தோடு ஜொகூருக்கென 1965இல் வெளிவந்த ஆர்க்கிட் மலர் வரிசையில் ஏழு தலைகள். என்னிடம் ஆறு இருக்கின்றன. 6 காசுத் தலை மட்டும் இல்லை. 10 காசுத் தலை மூன்று இருக்கிறது. யாரிடமேனும் இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்ளலாம்.