நேரம் அல்ல, இருட்டுத்தான் குறைவு

"ஓய்வு பெற்றபின் வானம் பார்க்கத் தொடங்கலாம் என்றிருக்கிறேன்" என்று நம் சங்கத்து அன்பர்கள் சிலர் என்னிடம் சொல்வதுண்டு. ஓய்வு வரை ஏன் காத்திருக்க வேண்டும்? உத்தியோகமும் குடும்பமும் நடந்துகொண்டிருக்கும்போதே, நாளைக்குப் பத்து நிமிடத்தில் பழகக்கூடிய கலை இது.

வங்காளத்து ஜெஸ்ஸூரில் வாழ்ந்த ராதாகோவிந்த சந்திரர் அரசு கருவூலத்தில் ஒரு சாதாரண ஊழியர். பகலெல்லாம் நாணயங்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. இரவில், சொந்தக் காசில் வாங்கிய மூன்று அங்குலத் தொலைநோக்கியால், ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களைப் பார்த்துக் குறித்துவைத்தார். 1919 முதல் 1954 வரை அமெரிக்காவிலுள்ள ஆர்வலர் சங்கத்துக்கு அவர் அனுப்பிய குறிப்புகள் 37,000-க்கும் மேல். அதை மதித்து அந்தச் சங்கம் அவருக்கு ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை அனுப்பிவைத்தது. பிற்பாடு அது விஞ்ஞானி வேணு பாப்புவிடம் சேர்ந்தது. சந்திரர் கல்லூரி வாசலை மிதிக்காதவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கருவியே இல்லாமலும் பார்க்கலாம். 2019 கடைசியில் நம் திருவாதிரை நட்சத்திரம் மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் அதன் ஒளி வழக்கத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. வழக்கமாக ரோகிணியைவிடப் பிரகாசமாயிருப்பது அப்போது ரோகிணிக்குக் கீழே போயிற்று. அந்த நட்சத்திரம் கக்கிய வாயு தூசியாக உறைந்து நமக்கு எதிரே மறைத்ததே காரணம் என்று பின்னர் கண்டார்கள். முற்றத்தில் நின்று இரண்டு நட்சத்திரங்களை ஒப்பிட்டவர் எவரும் அந்த மாற்றத்தைத் தம் கண்ணாலேயே கண்டிருக்க முடியும்.

ரயில்வேயில் நான் இருந்த காலத்தில், இரவில் தண்டவாள வேலை நடக்கும்போது கிடைத்த இடைவெளிகளே எனக்குப் பள்ளிக்கூடம். இன்று வசதி இன்னும் கூடியிருக்கிறது. கைபேசியை ஒரு ஸ்டாண்டில் நிறுத்தி, சில விநாடிகள் ஒளி விழும்படி படங்கள் பல எடுத்து, அவற்றைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், கண்ணுக்குப் புலப்படாத நட்சத்திரங்களும் துலங்கும். ஆனால் வானமே வெளுத்துக் கிடந்தால் அடுக்கி என்ன பயன்?

அங்கேதான் என் கவலை. எங்கள் பெருங்கடவிளைக்கு வடகிழக்கே அகத்தியர் மலை. மாசி மாத முன்னிரவில் தெற்கே அகத்திய நட்சத்திரம், சென்னையில் தெரிவதைவிடச் சற்று உயரத்திலேயே நிற்கும். சித்திரையில் தென்சிலுவையும் தெரியும். இரண்டு மழைக்காலங்களும் போக, தெளிந்த வானம் மார்கழி முதல் பங்குனி வரைதான் நன்றாகக் கிடைக்கிறது. அந்தச் சில மாதங்களிலும் கண் கூசும் வெள்ளை விளக்குகள் பால்வீதியை விழுங்கிவிடுகின்றன. மறுநாள் காலை வேலைக்குப் போகிறவர் இருட்டைத் தேடிக் காவலூருக்கும் கொடைக்கானலுக்கும் போக முடியுமா? அவருக்கு வானாய்வுக்கூடம் அவர் வீட்டு மொட்டைமாடிதான்.

விளக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரவில் நடந்து வரும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் தெருவிளக்கு அவசியம். சிக்னல் விளக்கின் ஒளி வண்டி ஓட்டுநரின் கண்ணுக்குப் போனால் போதும். அதற்கென்றே லென்ஸ் வைத்துத் திசை திருப்புகிறோம். தெருவிளக்கின் ஒளியும் தெருவில் விழுந்தால் போதும். மேலே ஒரு மூடி, வெண்மைக்குப் பதில் மஞ்சள் ஒளி, ஆள் நடமாட்டம் ஓய்ந்தபின் அலங்கார விளக்குகளை அணைக்கும் வழக்கம்: இந்த மூன்றும் போதும். மின்சாரமும் மிஞ்சும்.

கோவில், தேவாலய, பள்ளிவாசல் குழுக்களிலும் கிராம சபைகளிலும் நம் அன்பர்கள் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் இதை எழுப்புங்கள். தம் நட்சத்திரம் திருவாதிரை என்று சொல்லத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு, அது வானில் எங்கே இருக்கிறது என்று காட்டவாவது கொஞ்சம் இருட்டை மிச்சம் வைப்போம்.