முதலில் வந்தது குப்பை வண்டி



காலை ஆறரை மணிக்கு எங்கள் தெருவில் ஒரு பாட்டு கேட்கும். குப்பையைத் தரம் பிரித்துக் கொடுக்கச் சொல்லும் பாட்டு. பாட்டுச் சத்தம் உண்டு, வண்டிச் சத்தம் இருக்காது; பேட்டரி வண்டி. போன வாரம் இரண்டு வாளிகளோடு வாசலில் நின்றபோதுதான் உறைத்தது: மந்திரி காருக்கும் கலெக்டர் ஜீப்புக்கும் முன்னால் எங்கள் தெருவுக்கு வந்த அரசாங்க மின்சார வண்டி, தூய்மைப் பணியாளர் அக்கா ஓட்டிவரும் இந்த மூன்று சக்கர வண்டிதான்.

யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. தினமும் அதே தெருக்கள், அதே தூரம், நிதானமான ஓட்டம். வேலை முடிந்தால் கொட்டகைக்குத் திரும்பிவிடும். விடியும்வரை சார்ஜ் ஏறலாம். திடீரென்று மதுரைக்குப் புறப்படு என்று யாரும் அதனிடம் சொல்லப்போவதில்லை.

அதிகாரிகளின் கார் கதை வேறு. 2017இல் மத்திய அரசைச் சேர்ந்த ஈஈஎஸ்எல் நிறுவனம், அரசு அலுவலகங்களுக்காக 10,000 மின்சாரக் கார்களுக்கு டெண்டர் விட்டது. கார்கள் வரத் தொடங்கியதும் முணுமுணுப்பும் வந்தது. ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் போகும், நடுவழியில் நின்றால் என்ன செய்வது? நியாயமான கவலைதான். போகிற வழியில் சார்ஜ் போட இடமில்லாமல் காரை மட்டும் வாங்குவது, மாட்டைப் பிடித்துவந்த பிறகு தொழுவத்துக்கு இடம் தேடுவதைப் போன்றது.

தொழுவத்தை முதலில் கட்டினால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையில் ஓர் உதாரணம் இருக்கிறது. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடியிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. அதற்காகப் பணிமனையையே சார்ஜ் வசதிகளோடு புதுப்பித்திருந்தார்கள். வண்டி தனியார் நிறுவனத்துடையது; ஓட்டுநரும் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர். நடத்துநர் மாநகர் போக்குவரத்துக் கழகத்தைச் சேர்ந்தவர். ஓடிய கிலோமீட்டரைக் கணக்கிட்டுக் கழகம் பணம் தரும். பேட்டரி மக்கர் செய்தால் தலைவலி நிறுவனத்துக்கு. ஆனால் ஓட்டுநர் வேலை அரசு வேலையாக இல்லாமல் போகிறதே என்று தொழிற்சங்கங்கள் கேட்பதையும் காதில் வாங்கத்தான் வேண்டும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. பேருந்துகள் பெரும்பாலும் சார்ஜ் ஏறுவது ராத்திரியில். சூரியத் தகடுகள் தூங்கும் நேரம். வியாசர்பாடிக்கு வடக்கே, எண்ணூரை அடுத்த அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்துகொண்டிருக்கிறது. அண்ணா சாலையில் குறைகிற புகை, எண்ணூர்க்காரர்களின் மூச்சில் போய்ச் சேரக் கூடாது. மதியம் கூட்டம் குறைந்து பேருந்துகள் ஓய்ந்து நிற்கும்போது சூரிய மின்சாரத்தை ஏற்றலாம். ஆடிக் காற்றில் முப்பந்தல் காற்றாலைகள் ராத்திரியிலும் சுழலும். எந்த நேரத்தில் சார்ஜ் போடுகிறோம் என்பதும் வண்டியைப் போலவே முக்கியம்.

15 ஆண்டுகளைக் கடந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்ற மத்திய அரசின் விதி, 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பழைய ஜீப்புகள் எப்படியும் விடைபெறும். அந்த இடத்துக்கு எது வரப்போகிறது என்பதே கேள்வி. தினமும் ஒரே பாதையில் ஓடி, இரவில் ஒரே இடத்துக்குத் திரும்பும் வண்டிகளிலிருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம். நீண்ட தூரச் சுற்றுப்பயணக் கார்கள் பின்னால் வரட்டும்.

வாங்கினால் மட்டும் போதாது. பேட்டரி போன குப்பை வண்டிகள் வெயிலில் காய்ந்துகொண்டு நிற்பதையும் நாம் பார்க்கிறோம். நேற்று அக்காவிடம் கேட்டேன்: "வண்டி நல்லா இழுக்குதாம்மா?"

"சார்ஜ் இருந்தா அது இழுக்கும் சார். இல்லேன்னா நான் இழுப்பேன்."

நாளைக் காலை உங்கள் தெருவுக்கு வண்டி ஓட்டிவருபவரிடமும் கேட்டுப்பாருங்கள். எங்கே சார்ஜ் போடுகிறார்கள், பழுதானால் யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் ஆகிறது? தெரிந்ததை எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இந்தப் பக்கத்தை உங்கள் கடிதங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்