‘வெறும் எம்பிபிஎஸ்’ யாருக்குப் போதும்?

“வெறும் எம்பிபிஎஸ்தானா? மேல என்ன பண்ணப் போற?” மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நம் பிள்ளைகளிடம் முதல் வருடமே இதைக் கேட்டுவிடுகிறார்கள். அந்த ‘வெறும்’ எம்பிபிஎஸ்தான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நம் மக்களைப் பார்க்கிறார். ஊர்க்காரருக்குச் சர்க்கரை ஏறினால் கார் எடுத்து மதுரைக்குப் போய் ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்ப்பார். காலனியில் இருக்கும் செங்கல் சூளைத் தொழிலாளி எங்கே போவார்?

அந்த இளம் மருத்துவரை நாங்கள் குற்றம் சொல்லவில்லை. அவரைப் பயிற்றுவித்த விதத்தைத்தான் சொல்கிறோம். அவர் படித்தது பெரிய ஆஸ்பத்திரியில். அங்கே இதயம் ஒரு வார்டு, எலும்பு ஒரு வார்டு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் பெண்ணுக்கோ ரத்தசோகை, இடுப்புவலி, பிபி, வீட்டில் குடி, இன்று போன கூலி எல்லாம் ஒன்றாகவே வருகின்றன. இந்தச் சிக்கலைப் பிரித்துப் பார்ப்பது தனிப் பயிற்சி. குடும்ப மருத்துவம் என்று அதற்கு எம்.டி. படிப்பே இருக்கிறது. எம்பிபிஎஸ்ஸில் அது ஒரு தேர்வுப் பாடம்கூட இல்லை.

யாருக்கும் தெரியாத விஷயமா? 1946இல் போர் குழு ‘சமூக மருத்துவர்’ வேண்டும் என்றது. 1977இல் மருத்துவக் கல்லூரிகளை ஆரம்ப சுகாதார நிலையங்களோடு இணைக்கத் திட்டமே வந்தது. எல்லாம் காகிதத்தோடு சரி. இப்போது மாணவர்கள் கிராமத்தில் குடும்பங்களைத் தத்தெடுக்க வேண்டும் என்கிறது தேசிய மருத்துவ ஆணையம். நல்லது. எந்தக் குடும்பங்களை? பஸ் நிற்கும் ஊர்த்தெருவோடு மாணவர்கள் திரும்பிவிட்டால் காலனிக்கு யார் போவது? “தொட்டே பார்க்கல, எழுதிக் குடுத்துட்டாரு” என்று களப்பணியில் எங்களிடம் சொன்ன அம்மாக்கள் எத்தனை பேர்! தொடாத கைக்குச் சாதி காரணமா, அவசரம் காரணமா என்று அந்த அம்மாதான் யோசித்துக்கொண்டு வீட்டுக்கு நடக்க வேண்டும்.

கட்டாய கிராமப்புறச் சேவை வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள் சிலர். தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல் போடுவது போல மருத்துவரை அனுப்பினால், அந்தக் காட்டில் இருக்கிற நமக்கு என்ன மரியாதை கிடைக்கும்?

அரசு மருத்துவர்களுக்கான 50 சதவீத முதுநிலை இடஒதுக்கீட்டைத் தமிழ்நாடு போராடித்தான் காத்தது. இப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதில் கை வைக்க யாரையும் விடமாட்டோம். ஆனால் அந்த ஏணி ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வெளியே ஏறத்தான் இருக்கிறது. கிராமத்தில் இரண்டு மூன்று வருடம், பிறகு எலும்போ ரேடியாலஜியோ படித்து நகரத்துக்கு. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. ஆனால் மருத்துவர் மாறும்போதெல்லாம் பாட்டி தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த 50 சதவீதத்துக்குள்ளேயே குடும்ப மருத்துவத்துக்கு இடங்கள் வேண்டும். அரசுக் கல்லூரிதோறும் அதற்கு ஒரு துறை வேண்டும். பயிற்சியில் பாதியாவது ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடக்க வேண்டும். படித்து முடித்தவர் அங்கேயே இருந்து, இதய நிபுணருக்கு நிகரான சம்பளமும் பதவி உயர்வும் பெற வேண்டும். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் உள்ளே போன அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் பலர் இந்த வேலையை விரும்பியே எடுப்பார்கள். அதை அவமானமாக ஆக்கி வைத்திருப்பது நாம் அல்ல.

மருத்துவம் படிக்கும் தோழர்களே, உங்கள் கல்லூரி தத்தெடுத்த குடும்பங்களின் பட்டியலை வாங்கிப் பாருங்கள். அதில் காலனி வீடுகள் எத்தனை என்று எண்ணி எங்களுக்கு எழுதுங்கள்.