வண்டியை மாற்றுமுன் கணக்கு நோட்டைப் பாருங்கள்

மாட்டுச் சந்தைக்குப் போகும் விவசாயி ஒரு ஜோடி உழவு மாட்டை அவசரப்பட்டுப் பிடித்துவிடுவதில்லை. வாயைத் திறந்து இரண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்ததா என்று பார்ப்பார். நடக்கவிட்டுப் பார்ப்பார். சுழி பார்ப்பார். துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவார். மனம் ஒப்பாவிட்டால் வெறுங்கையோடு திரும்பி அடுத்த வாரச் சந்தைக்குப் போவார். அதே விவசாயி உரம் வாங்க டவுனுக்குப் போன இடத்தில், ஒரே மணி நேரத்தில் புது மொபட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார். மாடு வாங்குவதில் உள்ள நிதானம் வண்டி வாங்குவதில் இல்லாமல் போவதால் எத்தனையோ சிறு விவசாயக் குடும்பங்கள் மூன்று ஆண்டுகளுக்குத் தவணைக்கு உழைக்கின்றன.

ஒசூரிலிருந்து 1980-இல் டி.வி.எஸ். 50 வந்தது. அதன்பின் மொபட் என்பது கிராமத்தில் ஆடம்பரப் பொருளாக இல்லை. பால் கேன், புல்லுக்கட்டு, 45 கிலோ யூரியா மூட்டை, பள்ளிக்குப் போகும் பிள்ளை, ஆஸ்பத்திரிக்குப் போகும் பெரியவர் என எல்லாவற்றையும் சுமப்பது அதுதான். ஆகவே மொபட் வேண்டுமா, வேண்டாமா என்பது கேள்வி அல்ல. இருக்கும் வண்டியை இன்னும் எத்தனை நாள் ஓட்டுவது, எப்போது மாற்றுவது, எந்தப் பணத்தில் மாற்றுவது என்பதே கேள்வி.

பெரும்பாலான வீடுகளில் இதற்கான முடிவு மெக்கானிக் கடையில் எடுக்கப்படுகிறது. ஒரு நாள் வண்டி நின்றுவிடும். கிளட்ச் பிளேட், செயின் ஸ்பிராக்கெட், ஒரு டயர் என்று 3,000 ரூபாய்க்கு மேல் செலவு சொல்வார்கள். “இதற்குமேல் இந்த வண்டிக்குச் செலவழிப்பது வீண், கொடுத்துவிட்டுப் புதிதாக எடுத்துவிடுங்கள்” என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார். ஒரே நாளில் கையைவிட்டுப் போகும் 3,000 ரூபாய் பெரிதாகத் தெரிகிறது. புது வண்டியில் நாள்தோறும் கரையும் பணம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

புது வண்டியின் ஆண்டுச் செலவு

கணக்குக்காக ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்ளலாம். இரண்டரை ஏக்கர் நஞ்சை, இரண்டு கறவை மாடுகள், ஒன்பது ஆண்டு ஓடிய நான்கு ஸ்ட்ரோக் மொபட் ஒன்று. நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் ஓட்டம். ஆண்டுக்கு 7,300 கிலோமீட்டர்.

புது வண்டி சாலைக்கு வரும்போது 65,000 ரூபாய் என்றும், எட்டு ஆண்டு கழித்து 17,000 ரூபாய்க்கு விலை போகும் என்றும் கொள்வோம். 48,000 ரூபாய் தேய்மானம். ஆண்டுக்கு 6,000 ரூபாய். இந்தப் பணம் வண்டியில் முடங்காமல் வங்கியில் இருந்தால் 7 சதவீத வட்டியில், சராசரி மதிப்பான 41,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 2,870 ரூபாய் வரும். சர்வீஸ் செலவு 1,000 ரூபாய். மொத்தம் 9,870 ரூபாய். பெட்ரோல் இதில் சேரவில்லை.

இனிப் பழைய வண்டி. இன்று விற்றால் 12,000 ரூபாய். அடுத்த ஆண்டு 10,000 ரூபாய். தேய்மானம் 2,000. முடங்கிய பணத்துக்கு வட்டி 840. இன்சூரன்சுக்கு 850 என்று வைக்கலாம். பழைய வண்டி லிட்டருக்கு 50 கிலோமீட்டரும் புது வண்டி 55 கிலோமீட்டரும் கொடுத்தால், பழையதற்கு ஆண்டுக்கு 13 லிட்டர் பெட்ரோல் கூடுதலாக வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 1,300 ரூபாய். இவை நான்கும் சேர்ந்து 4,990 ரூபாய். இதோடு பழுதுச் செலவு 3,500 ரூபாயைக் கூட்டினால் 8,490 ரூபாய்.

அதாவது, மெக்கானிக் கடையில் மலைபோல் தெரிந்த அந்தச் செலவைச் செய்த பிறகும் பழைய வண்டியே ஆண்டுக்கு 1,380 ரூபாய் மிச்சம். பழுதுச் செலவு ஆண்டுக்கு 4,900 ரூபாயைத் தாண்டும்போதுதான் மாற்றும் பேச்சையே எடுக்க வேண்டும். அதுவும் கையிருப்புப் பணத்தில் வாங்கினால்தான்.

கடனில் வாங்கினால் கணக்கே வேறு

65,000 ரூபாயில் 15,000 ரூபாயை முன்பணமாகக் கட்டி, மீதி 50,000 ரூபாயை மூன்று ஆண்டுத் தவணையில் எடுத்தால் என்ன ஆகும்? “நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிதான்” என்பார்கள். ஊரில் ஒன்றரை வட்டி, இரண்டு வட்டிக்கு வாங்கிப் பழகியவருக்கு இது மலிவாகத் தோன்றும். ஆனால் இது ‘பிளாட்’ வட்டி. ஆண்டுக்கு 6,000 வீதம் மூன்று ஆண்டுக்கு 18,000 ரூபாய் வட்டியை முதலிலேயே அசலோடு கூட்டி, 68,000 ரூபாயை 36 பங்காக்கி, மாதம் 1,889 ரூபாய் என்று போடுவார்கள். பாதித் தவணை கட்டி முடித்த பிறகும் முழு 50,000 ரூபாய்க்கே வட்டி ஓடிக்கொண்டிருக்கும். குறைந்துவரும் அசலுக்கு வட்டி என்று முறையாகக் கணக்கிட்டால் இது ஆண்டுக்கு 21 சதவீதத்துக்கு மேல் வருகிறது. ஊர்க் கணக்கில் சொன்னால் நூற்றுக்கு ஒன்றே முக்கால் ரூபாய் வட்டி.

இந்தக் கடனில் வாங்கிய வண்டிக்குத் தேய்மானம் 6,000, கடன் வட்டி 6,000, முன்பணத்தின் வட்டி ஏறக்குறைய 1,000, சர்வீஸ் 1,000 ஆக, முதல் மூன்று ஆண்டுகளும் ஆண்டுக்கு 14,000 ரூபாய் செலவு. அப்படியானால், பழைய வண்டியின் பழுதுச் செலவு ஆண்டுக்கு 9,000 ரூபாயைத் தொடும்வரை அதை ஓட்டுவதே சிக்கனம். கையிருப்பில் வாங்குபவருக்கு எல்லை 4,900. கடனில் வாங்குபவருக்கு எல்லை 9,000. பணம் குறைவாக உள்ளவரே பழைய வண்டியை அதிக நாள் காப்பாற்ற வேண்டியவர். நடப்பிலோ, எளிய தவணை என்ற பெயரில் அவரே முதலில் மாற்றிவிடுகிறார்.

இன்னொன்றையும் எண்ண வேண்டும். நெல் பணம் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோதான் வரும். தவணை மாதந்தோறும் வரும். இடையில் உள்ள மாதங்களில் தவணைக்குப் போவது பால் பணம். தீவனம் வாங்க வேண்டிய பணம் தவணைக்குப் போனால் பால் குறையும். பால் குறைந்தால் அடுத்த தவணை தடுமாறும். முன்பணத்துக்காகப் பயிர்க்கடன் பணத்தில் கை வைப்பவர்களும் உண்டு. தூர் கட்டும் பருவத்திலும் கதிர் உருவாகும் பருவத்திலும் மேலுரம் போடக் கையில் காசில்லாமல் நின்றால், அந்த வண்டியின் உண்மையான விலை களத்துமேட்டில்தான் தெரியவரும். வீட்டில் பால் கணக்கைப் பார்ப்பவர் பெரும்பாலும் பெண். அவரைக் கேட்காமல் தவணைத் தாளில் கையெழுத்திடுவது சரியல்ல.

எந்தக் கணக்கும் பாராமல் மாற்ற வேண்டிய நேரம்

பழைய வண்டியைக் கண்மூடிக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்பது இதன் பொருள் அல்ல. சேஸிஸ் விரிசல் கண்டு, ஒருமுறை வெல்டிங் வைத்த இடத்திலேயே மறுபடியும் விட்டுப்போனால் அந்த வண்டியில் பிள்ளையை ஏற்றக் கூடாது. புது பிரேக் ஷூ போட்டும் வண்டி நிற்காவிட்டால் அதில் இரண்டு பால் கேன்களை மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது. இங்கே மிச்சம் பார்ப்பது சிக்கனம் ஆகாது.

வண்டி நின்ற நாட்களையும் எண்ண வேண்டும். பால் இரண்டு வேளையும் நேரத்துக்குச் சங்கத்துக்குப் போயாக வேண்டும். ஒரு வேளைப் பால் திரும்பினால் அந்த நட்டமும் வண்டிச் செலவுதான். மாதத்தில் இரண்டு மூன்று நாள் வழியில் நிற்கும் வண்டி, மெக்கானிக் செலவு குறைவாக இருந்தாலும் மாற்ற வேண்டிய வண்டியே.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டி இன்னும் வைத்திருப்பவர்கள் பெட்ரோல் கணக்கைத் தனியாகப் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 40 கிலோமீட்டர்தான் கொடுக்கிறது என்றால், மேலே சொன்ன ஓட்டத்துக்குப் புது வண்டியைவிட ஆண்டுக்கு 50 லிட்டர் கூடுதலாகக் குடிக்கும். அது 5,000 ரூபாய். பெட்ரோலோடு கலக்கும் ஆயில் செலவு வேறு. ஆனால் மைலேஜ் சற்றுக் குறைந்ததுமே வண்டி கிழடாகிவிட்டது என்று எண்ணக் கூடாது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் படிப்படியாக எல்லாப் பங்குகளுக்கும் வந்துவிட்டது. இதில் மைலேஜ் சிறிது குறைவது இயல்பு. பழைய வண்டிகளில் பெட்ரோல் குழாய், வாஷர் முதலிய ரப்பர் பாகங்களை மெக்கானிக்கிடம் காட்டித் தேவையானால் மாற்றிக்கொள்வது நல்லது. இது சிறு செலவுதான்.

என்ஜினைப் பிரித்து போரிங் செய்ய வேண்டிய கட்டத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். பெரும் செலவு செய்து என்ஜினைச் சரிசெய்துவிட்டு, ஆறு மாதத்தில் வண்டியை விற்கிறார்கள். போரிங் செய்த செலவை வாங்குபவர் விலையில் கூட்டித் தரமாட்டார். சேஸிஸ் நன்றாக இருந்து, இன்னும் மூன்று ஆண்டாவது ஓட்டுவது என்று முடிவு செய்தால் மட்டும் போரிங் செய்யலாம். அந்தச் செலவையும் மூன்று ஆண்டுக்குப் பங்கிட்டே நோட்டில் எழுத வேண்டும். இல்லையேல் என்ஜின் வேலைக்கு முன்பே விற்றுவிட வேண்டும்.

காகிதங்களில் கவனம்

பதிவுச் சான்று 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் புதுப்பிக்க வேண்டும். இரு சக்கர வண்டிக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. 14-வது ஆண்டில் உள்ள வண்டிக்குப் பெரிய செலவு செய்யுமுன் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பழைய வண்டிதானே என்று இன்சூரன்சை விட்டுவிடுவது பெரும் ஆபத்து. பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம். அதோடு முடிந்தால் பரவாயில்லை. விபத்தில் மற்றவருக்கு உயிர்ச்சேதமோ கைகால் இழப்போ ஏற்பட்டால் நட்டஈட்டை வண்டிக்காரரே கட்ட வேண்டிவரும். தலைமுறையாகக் காத்த நிலத்தை விற்றாலும் அது போதாமல் போகலாம். 850 ரூபாயை மிச்சம் பிடிக்க நிலத்தைப் பணயம் வைக்கலாமா?

விற்கும்போது படிவம் 29, 30 ஆகியவற்றைப் போட்டு, பெயர் மாற்றம் முடிந்ததா என்று பார்த்தே விட வேண்டும். வண்டி கைமாறிப் போயிருந்தாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்துள்ளது.

எப்போது வாங்குவது?

பண்டிகைச் சலுகைக்காக வாங்குவது முறையல்ல. 350 சி.சி. வரையுள்ள இரு சக்கர வண்டிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது உண்மைதான். ஆனால் அந்தக் குறைப்பு ஒரு வாரச் சலுகை அல்ல. “இன்று விட்டால் கிடைக்காது” என்ற பேச்சுக்கு மயங்க வேண்டியதில்லை.

நல்ல முறை இதுதான். கணக்கு மாற்றச் சொல்கிறது என்று தெரிந்ததும், தவணை கட்டுவதாகவே எண்ணிக்கொண்டு மாதம் முடிந்த தொகையை அஞ்சலகத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ போட்டுவர வேண்டும். பால் குறையும் மாதத்தில் தொகையைக் குறைத்துக்கொள்ளலாம். யாரும் வாசலில் வந்து நிற்கமாட்டார்கள். அறுவடைப் பணம் வந்து, பயிர்க்கடனை அடைத்து, அடுத்த பருவத்துக்கு விதைக்கும் உரத்துக்கும் எடுத்து வைத்தபின், வண்டி விலையில் பாதிக்கு மேல் கையில் இருந்தால் வாங்கலாம். மீதிக்குக் கடன் தேவையானால் குறையும் அசலுக்கு வட்டி போடும் இடத்தில்தான் வாங்க வேண்டும். மாதத் தவணை எவ்வளவு என்று மட்டும் கேட்காமல், கடைசியில் மொத்தம் எவ்வளவு கட்டியிருப்போம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதற்கெல்லாம் வேண்டியது ஓர் 80 பக்க நோட்டு. பெட்ரோல் போட்ட தேதி, லிட்டர், கிலோமீட்டர், மெக்கானிக்குக் கொடுத்த தொகை, வண்டி நின்ற நாள் ஆகியவற்றைப் பள்ளி செல்லும் பிள்ளையே எழுதிவிடலாம். ஓர் ஆண்டு எழுதிக் கூட்டிப் பார்த்தால், மாற்றலாமா கூடாதா என்று வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை. மாட்டின் வயதைப் பல் சொல்லும். வண்டியின் வயதை அந்த நோட்டு சொல்லும்.