சம்பளமில்லாத உயிருக்கும் கணக்கு உண்டு

1992இல் கொழும்பில் ஒரு சிறுமி இறந்தாள். மருத்துவக் கவனயீனம் என்று தகப்பன் வழக்குத் தொடுத்தார். மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா கொடுத்தது. மேன்முறையீட்டில் அது இரண்டரை இலட்சமானது. 2001இல் உயர் நீதிமன்றம் அதையும் நீக்கியது. கவனயீனத்தால்தான் மரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை; பிள்ளையின் பாசத்தை இழந்ததற்கு நட்டஈடு கேட்கவும் சட்டத்தில் இடமில்லை, பணநட்டம் மட்டுமே கணக்கு என்றது. படித்த கொழும்புக் குடும்பத்துக்கே அந்த நிலை. சம்பாதிக்காத பிள்ளையைப் பறிகொடுத்த லயத்துத் தாய் எதைக் காட்டிக் கேட்டிருப்பாள்?

2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் இதை மாற்றியது. பிறர் தவறால் உயிர் போனால், அன்பையும் துணையையும் இழந்ததற்கும் குடும்பம் நட்டஈடு கேட்கலாம். தோட்டங்களில் இது பலருக்குத் தெரியாது.

தவறை நிரூபிக்கும் சுமை இன்னும் நம் தலையில்தான். கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டு எதையும் வீசாதீர்கள். வழக்குக்குக் காலஎல்லையும் உண்டு. கருமாதி முடிந்த கையோடு தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு நாங்கள் கூட வருவோம்.